நிறையாத வில்லை

இயந்திரம் சூடேறும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். சூடேறாமல் படித்தால் தப்பாகப் படிக்கும், தப்பாகப் படித்தாலும் படித்தது படித்ததுதான், வில்லைக்குள் சேர்ந்திருக்கிற கொஞ்சநஞ்ச ஒளியும் வெளியே வந்து தீர்ந்துபோகும், அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டாலும் அதற்குச் சொல்ல ஒன்றும் இருக்காது, அவசரப்படாதே, என்று மோகனப்பிரியா தனக்குள் சொல்லிக்கொண்டாள். நைட்ரஜன் சிலிண்டரின் குழாயில் மெல்லிய சீறல் கேட்டுக்கொண்டிருந்தது. கையுறை போட்ட உள்ளங்கையில் ஒரு மஞ்சள் துணிப்பை கிடந்தது, தாயத்து தைப்பதைப் போல நாலு பக்கமும் தைத்து, ஒரு பக்கம் மட்டும் இப்போதுதான் பிரித்தது. உள்ளே ஒரு தகடு. தகட்டில் பொட்டளவில் மூன்று வெள்ளை வில்லைகள், ஓரத்தில் எண். எண்ணைப் பார்த்தாலே அவளுக்கு ஆள் தெரியும், செங்கோட்டுவேல், பாறையில் துளை போடுகிற டிரில்லர். சுரங்கத்துக்குள் இறங்குகிற எல்லோரும் இப்படி ஒரு தகட்டை பிளாஸ்டிக் கூட்டில் போட்டு நெஞ்சில் குத்திக்கொண்டு போக வேண்டும். யுரேனியப் பாறையிலிருந்து வரும் கதிர் அவர்கள் உடம்பில் எவ்வளவு பட்டதோ அதற்குத் தக்கபடி அது வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதம் ஆனதும் இந்த அறைக்கு வரும், இவள் சூடு காட்டிக் கேட்பாள், அது ஒளியாகச் சொல்லும். பேட்ஜ் என்பார்கள். இந்தத் தகட்டில் பாறைத்தூசி வாசம் இல்லை. மஞ்சளும் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசம். இது செங்கோட்டுவேலின் நெஞ்சில் இருந்ததே இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அவர் மனைவி கமலவேணியின் இடுப்பில் இருந்தது.

அவள் உச்சந்தலை மட்டும் ஜன்னல் வழியாகத் தெரிகிறது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. ஜன்னலுக்கு வந்தபோது 'மேடம்' என்றுதான் கூப்பிட்டாள், "மேடம், இது அவரோட பேட்ஜுங்க, குடுக்கச் சொன்னாரு" என்று துணிப்பையை நீட்டினாள், இவள் "துணியில எதுக்குக்கா போட்டிருக்கு" என்று கேட்டதும் பேச்சைப் பிடித்துக்கொண்டாள், "அம்மிணிக்கு எந்த ஊருங்க?" குமாரபாளையம் என்றதும் அந்த முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. மாநில எல்லை தாண்டி, பேர் சொன்னால் நம் பக்கத்தில் யாருக்கும் தெரியாத இந்தக் கரட்டுக் குன்றில், ஊர்ப் பேச்சைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான். குமாரபாளையம் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்திருந்தால் அவள் பையைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். "நான் திருச்செங்கோட்டுப் பக்கமுங்க. அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா, இது நெறஞ்சு போச்சான்னு பாத்துச் சொல்லுங்க." நிறைவதென்றால் என்னக்கா என்று இவள் கேட்டாள். "மூணு மாசந்தானுங்களே இது கதிர இழுத்துத் தாங்கும். வளைகாப்புக்கு ஊருக்குப் போனவ அங்கயே இருந்துட்டேன். அவரு போன்ல சொல்லிட்டேதான் இருந்தாரு, யாருகிட்டயாவது குடுத்தனுப்பு, மாத்திப் புதுசு வாங்கித் தாரேன்னு. எனக்குத்தான் கழட்ட மனசில்லீங்க. வயித்துப் புள்ளைய வெச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு வெறும் இடுப்போட எப்படி இருக்கறது? அந்தக் கொஞ்ச நாள்லதான் கதிரு உள்ள போயிருக்கோணும்." பிறகு, ஏதோ பஸ் தவறிய கதையைச் சொல்வதைப் போல, எட்டாம் மாசம், பையன், செத்துத்தான் பொறந்தான், கொடி சுத்திக்கிச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க, அவங்க அப்படித்தானே சொல்வாங்க. முதல் ரெண்டும் கலைஞ்சது இங்க கம்பெனி லைன் வீட்டில்தான். ரெண்டாவது கலைந்த பிறகு அவர் தகட்டைக் கூட்டிலிருந்து உருவி, அவரே கோணல்மாணலாகப் பை தைத்து, அவள் இடுப்பில் கட்டிவிட்டிருக்கிறார். "சாமி கயிறெல்லாம் கட்டியாச்சு, இதையும் கட்டிக்க, இது கம்பெனிக்காரன் குடுக்கறது, அவன் ஒண்ணு குடுத்தா சும்மா குடுக்க மாட்டான்னாருங்க." வெறும் கூட்டை நெஞ்சில் குத்திக்கொண்டு இறங்கியிருக்கிறார். வாசல் காவலாளி கூடு இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். மூன்று மாதத்துக்கு ஒரு தகடாக மாற்றி மாற்றி, ஒரு வருஷத்துக்கும் மேலாக. "இனி எனக்கெதுக்குங்க அம்மிணி. புதுசு குடுத்தீங்கன்னா அவரே போட்டுக்கட்டும்." அதற்கு இவள் என்ன சொன்னாள்? உட்காருங்கக்கா, படிச்சுட்டுச் சொல்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. என்ன படிச்சுட்டு, என்ன சொல்ல?

அது ஒன்றும் முட்டாள்தனம் இல்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் சிரிப்பு வரவில்லை. இதே ஜன்னலில், இதே நாளில், முகமூடியின் வடிகட்டியையும் மாற்றிக் கொடுக்கிறார்கள். பழைய வடிகட்டி கறுத்துப்போய் வரும், தூசி நிறைந்துவிட்டது, இனி இழுக்காது, வீசிவிட்டுப் புதுசு. பக்கத்திலேயே பழைய பேட்ஜ், புது பேட்ஜ். ஒன்று நிறைந்துவிட்டதால் மாற்றுகிறார்கள் என்றால் இன்னொன்றையும் அதற்காகத்தானே மாற்றுவார்கள். யோசிக்கத் தெரிந்தவன் அப்படித்தான் யோசிப்பான். பேட்ஜ் எதற்கென்று தொழிலாளிகளுக்கு வகுப்பு எடுத்தது இவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலதிகாரி சுதாகர் சார் தெலுங்கில் சொல்லிவிட்டு, 'நீ உங்காளுகளுக்குத் தமிழ்ல சொல்லும்மா' என்று தள்ளிவிட்டார். எழுதி வைத்து மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "ஏனுங் மேடம், இதைப் போட்டாச் சம்பளம் ஏறுங்களா?" இன்னொருவன், "உன்ற பேரை ஒட்டுனதுக்கே அது கருகிப் போயிரும், பேசாம உக்காருடா." எல்லோரும் சிரித்தார்கள், செங்கோட்டுவேலும் சிரித்தார், முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அவர்தான் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். என்ன கேட்டார்? அதுதான் வரமாட்டேன் என்கிறது. ஏதோ கேட்டார், இவள் ஆமாங்க என்றாள், சிரிப்புச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது, மறுபடி கேட்கக் கூச்சப்பட்டு ஆமாங்க என்றாள், அந்தக் கூடத்தை விட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. வீட்டில் இருக்கும்போதும் போடலாமா என்று கேட்டிருப்பாரோ. இல்லை, சம்பந்தமில்லாத ஏதாவதாகவும் இருக்கலாம், கழுவலாமா, தண்ணீர் படலாமா. எதுவாக இருந்தாலும் பேட்ஜ் தடுக்காது, அளக்கும், அவ்வளவுதான் என்று ஒரு வார்த்தை அன்றைக்கு இவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. தெரிந்தவளுக்கு அது தெரிந்த விஷயம். அப்படியா, உனக்கு நன்றாகத் தெரியுமா மோகனா? போன மழைக்காலத்தில் ஒருநாள் காற்றைச் சோதிக்கக் கீழே இறங்கியபோது உன் பேட்ஜை மேஜையில் மறந்துவிட்டுப் போனாயே, சுரங்க லிஃப்ட்டின் கூண்டு இறங்கஇறங்கத் தெரிந்தது, உடம்பில் துணி இல்லாததைப் போல இருந்ததே, இரண்டு கையாலும் நெஞ்சை மூடிக்கொண்டு நின்றாயே. பேட்ஜ் இருந்திருந்தால் மட்டும் பாறை உன்னை விட்டுவிடுமா? இயற்பியல் படித்த பெண். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீஸில் சான்றிதழ் வாங்கியவள். இந்தக் கையே இப்போதும் பேசும்போது பேட்ஜைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது, தாலியைத் தொடுவதைப் போல.

திரையில் சூடு ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் ஆகவில்லை. வெளியே கமலவேணி இருமினாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கலாம். பிள்ளை பெற்ற உடம்பு, பஸ்ஸில் அத்தனை தூரம் வந்திருக்கிறாள், பெற்ற உடம்பு என்று சொல்லலாமா, சொல்லத்தான் வேண்டும், பெற்றுத்தானே இருக்கிறாள். பால் கட்டியிருக்கும். சேலையை இறுக்கி மார்மேல் முடிச்சுப் போட்டிருந்தாள். தண்ணீர் கொடுக்கப் போனால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், பார்த்தால் ஏதாவது பேச வேண்டியிருக்கும். பாதுகாப்பு வாரத்தில் கடைசியாகப் பார்த்தபோது அவள் வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது, மேடைக்குக் கீழே பெண்களோடு நின்றிருந்தாள். அந்த வருஷம் மிகக் குறைந்த கதிர் டோஸ் வாங்கிய தொழிலாளி என்று செங்கோட்டுவேலை மேடைக்கு அழைத்தார்கள். பரிசாக ஒரு ஹாட் பாக்ஸ். சுதாகர் சார் மைக்கில், பாருங்கள், இவர்தான் ஒழுங்காக முகமூடி போடுகிறவர், ஒழுங்காக நின்று வேலை செய்கிறவர், இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். கீழேயிருந்து ஒரு குரல், "செங்கோடனுக்கு எருமத்தோலுங்க சார், கதிரு பட்டா அதுதான் கையைச் சுட்டுக்கும்." அவர் ஹாட் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மனைவி நின்ற பக்கம் மட்டும் ஒரு முறை பார்த்தார். இவளும் கைதட்டினாள். பெருமையாகக்கூட இருந்தது, நம் பக்கத்து ஆள். என்ன பார்வை அது? இப்போதுதான் தெரிகிறது. பேட்ஜ் இழுத்துக்கொண்டிருக்கிறது, வேலை செய்கிறது, குறைவாக வந்திருக்கிறது, பிள்ளை பத்திரம். அந்தப் பார்வை. எண் குறைவாக இருந்ததால் ஐந்தாம் மட்டத்திலேயே விட்டுவைத்தார்கள். அங்கேதான் தாது கெட்டி. மற்றவர்களெல்லாம் டோஸ் ஏறஏற மேலே மாற்றப்பட்டார்கள், கன்வேயருக்கு, கிடங்குக்கு, பம்ப் அறைக்கு. அவரோடு சேர்ந்தவர்களில் அங்கே மிச்சம் அவர் ஒருவர்தான். ஆள் தேவைப்படும்போதெல்லாம் அவரை அனுப்பு, அவருக்குத்தான் இடம் இருக்கிறது. இடம் என்றுதான் சொல்வார்கள், இன்னும் வாங்க உடம்பில் இடம். இந்தக் காலாண்டு முடிந்தும் பேட்ஜ் வராததால் இவளே ஷிஃப்டுக்குப் போகிறவரை நிறுத்திக் கேட்டாள். "அண்ணா, பேட்ஜ்?" "ஏறி வந்து தாரேனுங் மேடம்." நெஞ்சில் அந்தக் கூடு இருந்தது. அதைப் பார்த்துத்தான் கேட்டாள். உள்ளே தகடு இருக்கிறதா என்று ஒரு விரலால் தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இவருக்கு எப்போதும் ஒன்றும் இருக்காது, நிதானமாக வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

விட்டுவிடலாம். இப்போதும் விட்டுவிடலாம். தகட்டைப் படித்து, வருகிற எண்ணை அவர் பேருக்கு எதிரே போட்டால் எல்லாம் வழக்கம்போல இருக்கும். யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் இவளுக்குத் தெரியும், பேட்ஜை வேறொருவர் போட்டுக்கொண்டால் ஒப்பந்த ஆளுக்கு வாசல் சீட்டு ரத்து. மறுநாளே மூட்டை கட்ட வேண்டியதுதான். முன்பு போல மறுபடி ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போடப் போவார், பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவளுக்கு வீடும் போகும். சொல்லாவிட்டால் நாளைக் காலை அவர் ஐந்தாம் மட்டத்துக்கு இறங்குவார். புதுத் தகடு போட்டுக்கொண்டு இறங்குவார், இனி ஒழுங்காக அளக்கும், ஆனால் அது சுழியிலிருந்து அளக்கத் தொடங்கும், இத்தனை நாள் பட்டது எங்கே போய்ச் சேரும்? அம்மா ஞாபகம் வந்தது, எதற்கென்று தெரியவில்லை. விசைத்தறிக் கூடத்தில் நின்று நின்று அம்மாவுக்குக் காது போய்விட்டது. போனில் கத்துவாள், "சாப்டியா கண்ணு? என்ன? சாப்டியான்னு கேட்டேன்!" பக்கத்தில் இருப்பவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். அம்மாவின் காதில் எவ்வளவு சத்தம் விழுந்தது என்று யாரும் எதையும் மாட்டி அளக்கவில்லை, அளந்திருந்தால் மட்டும் தறியை நிறுத்தியிருப்பார்களா, அம்மாதான் நின்றிருப்பாளா, என்னைப் படிக்க வைக்க வேண்டுமே. 'நீ என்ன வேலை பாக்கற?' என்று அம்மா கேட்டபோது, 'எல்லாருக்கும் ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கற வேலைம்மா' என்று கத்திச் சொன்னாள். மூன்று முறை கத்த வேண்டியிருந்தது. மூன்று முறையும் அதையேதான் சொன்னாள். நானும் அம்மாவிடம் அப்படித்தானே சொன்னேன், பார்த்துக்கொள்கிற வேலை என்று. செங்கோட்டுவேல் தன் பெண்டாட்டியிடம் சொன்னது வேறா?

பச்சை விளக்கு வந்தது. மோகனப்பிரியா இடுக்கியால் தகட்டை எடுத்தாள். ஒருவேளை எண் அதிகமாக வந்தால்? லைன் வீடுகளுக்குச் சுவர் வைக்கக் கழிவுப்பாறையை யாராவது எடுத்துப் போயிருந்தால், அவருடைய துணியில் வந்த தூசி வீட்டில் படிந்திருந்தால்? அப்படி வந்தால் வெளியே இருப்பவளிடம் எப்படிச் சொல்வது. குறைவாக வந்தால் அவளுக்கு நல்லது, அவருக்குக் கெட்டது. இதில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், எதையோ வேண்டிக்கொண்டு, தகட்டை உள்ளே தள்ளினாள். திரையில் கோடு ஊர்ந்தது. வழக்கமாக இந்த இடத்தில் எழும், கரடு மாதிரி மேடாகி, உச்சி தொட்டு, இறங்கும், ஐந்தாம் மட்டத்து ஆட்களுக்குச் செங்குத்தாக எழும். இது எழவில்லை. லேசாகப் புடைத்தது, தூங்குகிற பிள்ளையின் வயிறு போல, உடனே படிந்துவிட்டது. இரண்டாவது வில்லை, மூன்றாவது வில்லை, அதேதான். வெறும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் எல்லோர் மேலும் படுகிற அளவு. குமாரபாளையத்துத் தெருவில் படுகிற அளவு. அந்தப் பிள்ளையை இந்தச் சுரங்கத்தின் கதிர் வெளியிலிருந்து தொடவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். சொல்லலாம், இதை மட்டுமாவது நிச்சயமாகச் சொல்லலாம், உங்கள் தப்பு இல்லை அக்கா என்று. கலைந்தவை ஏன் கலைந்தன, அப்பன் உடம்பில் பட்டது பிள்ளைக்கு வருமா என்று கேட்டால் தெரியாது என்பாள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டாள். தெரிந்த ஒன்றைச் சொல்வாள். ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு, அந்தத் தகட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"அக்கா, பாத்துட்டேன். இதுல ஒண்ணுமே இல்லீங்க. நெறையவும் இல்ல, எதுவும் இல்ல."

கமலவேணி தம்ளரை வாங்கினாள், குடிக்கவில்லை. "ஒண்ணுமே இல்லீங்களா?"

"ஒண்ணுமே இல்ல."

"அப்ப இது இழுக்கவே இல்லீங்களா?" தம்ளர் சாய்ந்து தண்ணீர் மடியில் கொட்டியது. "அத்தனையும் வயித்துல இருந்தவன் மேலயேவா போச்சு?"

மோகனப்பிரியா இதை நினைக்கவில்லை. இத்தனை நேரம் உள்ளே உட்கார்ந்து எதையெல்லாமோ நினைத்தவள் இதை மட்டும் நினைக்கவில்லை. இழுப்பது என்று நம்புகிறவளிடம் காலி என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஈரமான கையைப் பிடித்துக்கொண்டாள், மனப்பாடம் செய்யாத வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள். "இது இழுக்காதுக்கா. எதையும் தடுக்காது. எவ்வளவு பட்டுச்சுன்னு சொல்றது மட்டுந்தான் இதோட வேலை. உங்க மேல பட்டிருந்தா இதுல காட்டியிருக்கும். காட்டலை, ஏன்னா படலை. நீங்க நாள் தாண்டி வெச்சிருந்ததால எதுவும் உள்ள போகலை. அதை நாங்க சொல்லித்தந்திருக்கோணும். நான் சொல்லித்தந்திருக்கோணும்."

கமலவேணி தகட்டை வாங்கிப் பார்த்தாள். அதன் மேல் ஒட்டியிருந்த நூல் துணுக்கை நகத்தால் எடுத்துப் போட்டாள். "தெர்மாமீட்டர் மாதிரிங்களா?"

"ஆமாங்க்கா. தெர்மாமீட்டர் மாதிரிதான்."

"காச்சல்காரன வேலைக்கு அனுப்பிட்டு, தெர்மாமீட்டர நான் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறேன்." அழுவாள் என்று மோகனப்பிரியா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை, கணக்குப் போடுகிறவளைப் போலக் கண்ணைச் சுருக்கினாள். "அப்ப அவரு மேல பட்டதெல்லாம் எங்கீங்க இருக்குது?"

அது எந்தத் தகட்டிலும் இல்லை, எந்த இயந்திரத்திலும் இல்லை. "இந்த எண்ணை அவரு பேருல நான் போட முடியாதுக்கா," என்றாள் மோகனப்பிரியா. "அவரு போடலைன்னுதான் சொல்லோணும். சொன்னா கீழ அனுப்பமாட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பாக்கச் சொல்லி நான் கேப்பேன், எழுதிக் கேப்பேன். ஆனா வேலை…"

"போயிருங்களா?"

"போனாலும் போயிரும்."

கரட்டுக்கு மேலே பருந்து ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கமலவேணி புடவை மடியிலிருந்த தண்ணீரை உதறினாள். "சொல்லீருங்க அம்மிணி. அவராச்சும் இருக்கட்டும்."

சங்கு ஊதியது. கூண்டு ஏறி வந்து நிற்க, ஆட்கள் சாம்பல் பூசியதைப் போல வாசலை நோக்கி வந்தார்கள், சிரிப்பும் இருமலும் பீடிக்கான தேடலுமாக. நடுவில் செங்கோட்டுவேல், கையில் அந்த ஹாட் பாக்ஸ், நெஞ்சில் அந்தக் கூடு, தேய்த்துத் துடைத்துச் சுத்தமாக. மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே அவள் வயிற்றைப் பார்த்து, பார்த்ததற்காகவே முகம் சுருங்கி, "மாத்திட்டியா? புதுசு குடுத்தாங்களா?" என்றார். அவள் நேராக அவரிடம் போனாள். அத்தனை ஆண்களுக்கு முன்னால், புறங்கையை அவர் நெற்றியில் வைத்தாள், கழுத்தில் வைத்தாள், கூட்டைத் தள்ளிவிட்டு நெஞ்சில் வைத்து அழுத்திப் பார்த்தாள். "ஏண்டா செங்கோடா, வீடு வரைக்கும் பொறுக்காதாமா?" என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை. காய்ச்சல் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் எடுக்கப்போவதில்லை என்பதைப் போல அழுத்திக்கொண்டே நின்றாள். சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.